வீட்டில் கோணத்தின் பாகை பார்க்க எதை வாங்குவது?

மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்ட அடுத்த நாளே நாரி பிடித்துக்கொள்கிறதென்றால், இரும்பையும் மரத்தையும் குறை சொல்லுமுன் இரண்டும் சேரும் கோணத்தைப் பாருங்கள். தகட்டுக்கும் பிடிக்கும் இடையிலுள்ள கோணம் ஒடுங்கினால் தகடு மண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும். வெட்டி இறக்க வேண்டுமானால் கையைத் தாழ்த்தவேண்டும், நாரி வளையும். கோணம் விரிந்தால் நிமிர்ந்து நின்று ஆழமாக வெட்டலாம், ஆனால் புல்லுச் செருக்கும்போது தகடு குத்திக் குத்தி நிற்கும். வரம்பு கட்டுபவருக்குப் பிடித்த மண்வெட்டி வெங்காயப் பாத்தி கொத்துபவருக்குப் பிடிக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நாலு பாகை மாறினாலே போதும். 120 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் நுனி அப்போது 8 சென்ரிமீற்றருக்கு மேல் இடம் மாறிவிடும். ஆனால் அந்த நாலு பாகையைக் கண் பிடிக்காது. கை மட்டும் ஏதோ பிழை என்று சொல்லும். பழைய பிடியைக் கழற்றுமுன் கோணத்தை எடுத்து வைத்திருந்தால் புதியதை அதே அளவில் இறக்கியிருக்கலாம்.

எடுப்பதற்கு எது வேண்டும்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காட்வெயார் கடைக்குப் போனால் பள்ளிப் பாகைமானி போல, கை சுழலும் உலோகத் தகடு ஒன்று, எடுத்த கோணத்தைத் திருகாணியால் இறுக்கிப் பிடிக்கும் தச்சர் சாய்மட்டம் ஒன்று, சாய்வைத் திரையில் காட்டும் காந்தம் ஒட்டிய டிஜிற்றல் பெட்டி ஒன்று, இரண்டு கை விரியும் டிஜிற்றல் அடிமட்டம் ஒன்று என்று நாலைந்து சாமானைக் கடைக்காரர் மேசையில் பரப்புவார். கைத்தொலைபேசியில் இலவசச் செயலிகளும் இருக்கின்றன. இவற்றில் எது நல்லது என்று கேட்டால் விடை கிடைக்காது. நீங்கள் பார்க்கப்போகும் கோணம் எதிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் கிடைக்கும்.

இரண்டு விதமான கோணம்

கோணம் என்றால் இரண்டு கோடு வேண்டும். கூரைச் சரிவிலும், சோலர் பனலின் சாய்விலும், குளியலறை நிலத்தின் ஓட்டத்திலும் ஒரு கோடுதான் கைக்கு அகப்படும். மற்றது கிடைமட்டம், அதைப் பூமியின் ஈர்ப்புத்தான் காட்டித் தரவேண்டும். தூக்குக்குண்டு, ஸ்பிரிட் லெவல், தண்ணீர்க் குழாய், டிஜிற்றல் பெட்டி, கைத்தொலைபேசி எல்லாம் இந்த வேலைக்குரியவை. இவற்றை ஈர்ப்புக் கருவிகள் என்று வைத்துக்கொள்வோம்.

உளியின் வாய், சீவுளி அலகு, யன்னல் சட்டத்தின் மூலை, மண்வெட்டித் தகடும் பிடியும் வேறு வகை. இரண்டு கோடுகளும் பொருளிலேயே இருக்கின்றன. மேசையில் கிடத்தினாலும் தலைகீழாய்ப் பிடித்தாலும் கோணம் அதேதான். இதற்குப் பாகைமானி, சாய்மட்டம், வெட்டிய அச்சுத் தகடு, இரண்டு கை டிஜிற்றல் அடிமட்டம் என்று முகத்தைத் தொட்டுப் பார்க்கும் கருவிகள் வேண்டும்.

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிலத்தில் கிடத்திய யன்னல் சட்டத்தின் மூலை சரியா என்று பார்க்க டிஜிற்றல் பெட்டியை வைத்தால் அது பூச்சியத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தை எவ்வளவு கோணலாக ஒட்டினாலும், கிடையாகக் கிடக்கும் வரை அந்தப் பெட்டிக்கு எதுவும் நடக்கவில்லை. அது நிலைக்குத்துத் தளத்தில் நடப்பதை மட்டுமே அறியும். மறுபுறம், கூரைச் சரிவைப் பார்க்கத் தச்சர் சாய்மட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கிடைக்கோட்டுக்கு எதைப் பிடிப்பது?

ஈர்ப்புக் கருவியால் முகக் கோணத்தைப் பார்க்க ஒரு சுற்றுவழி உண்டு. இரண்டு முகத்திலும் தனித்தனியாக வைத்து, இரண்டு எண்ணையும் எடுத்துக் கழிக்கலாம். அப்போது இரண்டு முகமும் ஒரே நிலைக்குத்துத் தளத்தில் நிற்கவேண்டும். பொருள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் கழித்து வரும் எண் பொய்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வீட்டில் கோல்ஃப் மட்டையைக் கண்டிருப்பீர்கள். வன்னிக்குக் கிட்ட அந்த விளையாட்டைப் பார்க்கவேண்டுமானால் திருகோணமலை சீனன்குடாவுக்குப் போகலாம். மட்டை திருத்துபவர்களுக்கும் இதே தலையிடிதான். தண்டு நிலத்தோடு செய்யும் கோணம் ஒன்று. ஏழாம் எண் இரும்பு மட்டைக்கு அது ஏறக்குறைய 62 பாகை. முகம் பின்னோக்கிச் சாயும் கோணம் இன்னொன்று. அதே மட்டைக்கு அது 30க்கும் 34க்கும் இடையில் இருக்கும். மட்டையின் அடி வளைவானது, தண்டு நுனிக்கு நுனி ஒடுங்குவது. அதனால் வெறும் பாகைமானியை வைத்தால் ஆளுக்கு ஒரு எண் வரும். முகத்தை நேராக நிறுத்தித் தண்டைக் கவ்விப் பிடிக்கும் தனிச் சட்டத்தில்தான் அளக்கிறார்கள். மண்வெட்டிக்கும் அந்தப் பாடம் பொருந்தும்: கருவியைவிட, பொருளைப் பிடித்து நிறுத்தும் விதம்தான் எண்ணைத் தீர்மானிக்கிறது.

பள்ளிப் பெட்டியில் கிடக்கும் பாகைமானி

பிள்ளையின் கேத்திரகணிதப் பெட்டியில் கிடப்பதை முதலில் எடுங்கள். ஒரு பாகைக் கோடுகள் இருக்கும். ஆனால் அதில் ஒரு வஞ்சகம் உண்டு. பூச்சியக் கோடு பிளாஸ்ரிக்கின் அடி விளிம்பில் இல்லை. பல பாகைமானிகளில் சில மில்லிமீற்றர் மேலே இருக்கும். விளிம்பை உளியின் முதுகில் வைத்து வாசித்தால் மையம் கோணத்தின் முனையில் விழாது, எண்ணும் சரி வராது. விளிம்பைப் பூச்சியக் கோடு வரை மண்கடதாசியில் தேய்த்து எடுக்கலாம். அல்லது பொருளைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு கீறி, பொருளை எடுத்துவிட்டு, அடிமட்டத்தால் அந்தக் கோடுகளை 30 சென்ரிமீற்றர் வரை நீட்டி அளக்கலாம். நீட்டிய கோட்டில் பென்சில் தடிப்பும் கை நடுக்கமும் சிறுத்துப்போகும்.

நீட்டிய பிறகு பாகைமானியே தேவைப்படாது. ஒரு கோட்டில் முனையிலிருந்து 100 மில்லிமீற்றர் குறித்து, அங்கிருந்து மூலைமட்டத்தால் செங்குத்தாக ஏற்றி, மற்றக் கோட்டைத் தொடும் உயரத்தைப் பாருங்கள். 36.4 மில்லிமீற்றர் என்றால் 20 பாகை. 46.6 என்றால் 25. 57.7 என்றால் 30. 70 என்றால் 35. 100 என்றால் 45. இந்த ஐந்து எண்ணையும் பட்டறைச் சுவரில் எழுதி வைத்தால் பாதிக் கருவி வாங்கியதற்குச் சமம்.

சிறிய கோணங்களுக்கு இன்னொரு குறுக்குவழி: 57.3 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நேரான சலாகைத் துண்டொன்றை வெட்டிக்கொள்ளுங்கள். கிடைமட்டமாகப் பிடித்த சலாகையின் ஒரு நுனி சாய்ந்த தளத்தைத் தொட, மற்ற நுனிக்கும் தளத்துக்கும் இடைவெளி எத்தனை சென்ரிமீற்றரோ, சாய்வு அத்தனை பாகை. பத்துப் பாகையில்கூடப் பிழை 0.1 பாகைதான். முப்பதுக்குப் போனால் 33 சென்ரிமீற்றர் காட்டும். அங்கே இந்த வழியைக் கைவிட்டு மேலே சொன்ன எண்களுக்கு வாருங்கள்.

மண்வெட்டியை எப்படிப் பிடித்து அளப்பது

மண்வெட்டிக்கு மூன்று காரியம் பார்க்கவேண்டும்: தகட்டுக்கும் பிடிக்கும் இடையிலான கோணம், பிடி இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் சரிந்திருக்கிறதா என்பது, பிடி கண்ணுக்குள், அதாவது அது நுழையும் துளைக்குள், ஆடுகிறதா என்பது. மூன்றாவதை முதலில் பாருங்கள். ஆடும் பிடியில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

பக்கச் சரிவுக்குக் கருவியே வேண்டாம், ஒரு நூல் போதும். பிடி நுனியின் நடுவில் ஆணி ஒன்றை அரைகுறையாக அறைந்து நூலைக் கட்டுங்கள். நூலைத் தகட்டின் இடது மூலை வரை இழுத்து விரலால் அடையாளம் பிடித்து, அதே நீளத்தை வலது மூலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பிடி நடுவில் நிற்கிறது. 22 சென்ரிமீற்றர் அகலத் தகட்டில், 120 சென்ரிமீற்றர் பிடியில், ஒரு பாகை சரிந்தால் இரண்டு நீளத்துக்கும் இடையில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். தேய்ந்த தகட்டில் ஒரு மூலை கூடத் தேய்ந்திருக்கும். அப்படியானால் மூலையை விட்டு, தகட்டின் மேல் விளிம்பில் கண்ணிலிருந்து சம தூரத்தில் இரண்டு புள்ளியைக் குறித்து அங்கே அளக்கவேண்டும். இழுபடாத நூலாக இருக்கட்டும். மேசன்மார் பாவிக்கும் நைலோன் நூல் இழுக்க இழுக்க நீளும்; மெல்லிய கட்டுக்கம்பி நல்லது.

தகட்டுக்கும் பிடிக்கும் இடையிலான கோணத்துக்குத் தச்சர் சாய்மட்டத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. மரக் கையைப் பிடியின் உட்பக்கத்தில் படுக்க வைத்து, உலோக நாக்கைத் தகட்டின் உள்முகத்தில் சேர்த்து, திருகாணியை இறுக்கி எடுங்கள். எண் எதுவும் வராது; வரத் தேவையுமில்லை. அந்தக் கோணத்தை ஒரு பழைய சீற் துண்டிலோ தடித்த காட்போட்டிலோ கீறி வெட்டி, கயிற்றில் கோத்து, மண்வெட்டி தொங்கும் அதே ஆணியில் தொங்கவிட்டால் அடுத்த பிடி போடும்போது அதைப் பொருத்திப் பார்த்து ஆப்பு இறுக்கலாம். வீட்டில் மூன்று பேர் மூன்று மண்வெட்டி பாவித்தால் மூன்று அச்சு.

இரண்டு விதத்தில் இது பிழைக்கும். தகடு நேரானதல்ல, மண்வெட்டித் தகட்டில் ஒரு குழிவு இருக்கும். ஒவ்வொரு முறையும் நாக்கை வேறு வேறு இடத்தில் வைத்தால் ஒவ்வொரு கோணம் வரும். கண்ணிலிருந்து கீழே, தகட்டின் நடுக்கோட்டில் 5 சென்ரிமீற்றரிலும் 15 சென்ரிமீற்றரிலும் ஆணியால் இரண்டு புள்ளி குத்தி, நாக்கு எப்போதும் அந்த இரண்டையும் தொடும்படி வையுங்கள். இரண்டாவது, பிடியின் வளைவு. காட்டுக்கம்பில் செதுக்கிய பிடி எவ்வளவு சீவினாலும் கொஞ்சம் நெளியும். அதனால் கண்ணை ஒட்டிய 30 சென்ரிமீற்றர் நீளத்தில் மட்டும் அளப்பதைவிட, ஒரு நேர்ச் சலாகையைப் பிடி முழுவதும் சேர்த்துக் கட்டி அதன் விளிம்பிலிருந்து அளப்பது மேல். கை உணர்வது அந்த முழு நேர்கோட்டைத்தான்.

உளி, சீவுளி: அரை மில்லிமீற்றரின் விலை

இங்கே கோணத்தின் பெறுமதி நேரே காசில் தெரியும். தச்சு உளிக்கும் சீவுளி அலகுக்கும் 25 பாகையில் தீட்டி, நுனியில் மட்டும் 30இல் இரண்டு இழுவை கொடுப்பது வழக்கம். பாலையிலும் முதிரையிலும் 25இல் நிற்கும் வாய் பொரிந்துபோகும். அந்த மரங்களுக்கு 30க்குக் குறையாமல், சுத்தியல் அடி வாங்கும் துளை உளிக்கு 35 வரைகூட ஏற்றலாம். வேம்பு போன்றவற்றுக்கு 25 தாராளம். சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20. எலும்பு வெட்டும் கத்திக்கு அதற்கும் மேல். கோடாலிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 30 பாகை அளவில் வைத்துப் பாருங்கள். விறகு பிளப்பதற்கு இன்னும் தடிப்பாக.

ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள உளியின் கோணத்தைக் கண்டுபிடிக்க, தடிப்பை நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் இடுக்கி ஒன்று போதும். சரிவு தொடங்கும் இடத்தில் உளியின் தடிப்பை அளக்கவும். பிறகு சரிவின் நீளத்தை, அந்தத் தொடக்கத்திலிருந்து நுனி வரை அளக்கவும். சரிவு தடிப்பைப்போல் இரண்டு மடங்கானால் 30 பாகை. 2.37 மடங்கானால் 25. 1.74 மடங்கானால் 35. ஆக 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள உளிக்கு 30 பாகையில் சரிவு 8 மில்லிமீற்றர், 25இல் ஏறக்குறைய 9.5, 35இல் 7.

சாதாரண அடிமட்டத்தால் இதைச் செய்தால் அரை மில்லிமீற்றர் தவறும். 8க்குப் பதில் 8.5 என்று வாசித்தாலே கோணம் 28 என்று வரும். இரண்டு பாகை அங்கேயே போய்விடுகிறது. வேர்னியர் வாங்கப் பணம் இருந்தால் டிஜிற்றல் கோணப் பெட்டிக்கு முன் அதை வாங்குங்கள். அது பிறகு ஆணித் தடிப்புக்கும் பைப் விட்டத்துக்கும் உதவும்.

அச்சுத் தகடு இன்னும் எளிது. மா ரின்னின் தகட்டையோ பழைய எண்ணெய் ரின்னையோ தட்டி நேராக்கி, மேலே சொன்ன 100க்கு 57.7 அளவில் முக்கோணம் கீறி, 30 பாகைப் பிளவை வெட்டி எடுங்கள். பிளவின் ஆழமான முனையில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று போடவேண்டும். துளையில்லாவிட்டால் கத்தரி முடிந்த இடத்தில் மூலை உருண்டு நிற்கும். உளியின் கூர் அதில் மோதி, உட்காரவேண்டிய இடத்தில் உட்காராது. உளியைப் பிளவுக்குள் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பிளவின் வாய்ப்பக்கம் ஒளி தெரிந்தால் உளி மெலிந்தது, கோணம் 30க்குக் குறைவு. ஒளி உள்ளே, கூர்ப்பக்கம் தெரிந்தால் கோணம் கூடிப்போனது. இரண்டு பக்கமும் ஒளி தெரிந்து நடுவில் மட்டும் தொட்டால் சரிவு உருண்டிருக்கிறது. கிறைண்டரில் கையில் பிடித்துத் தீட்டியவற்றில் இது அடிக்கடி நடக்கும். உருண்ட சரிவுக்கு என்று ஒரு கோணம் கிடையாது. எந்தக் கருவியும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லத்தான் செய்யும். முதலில் கல்லில் தட்டையாக்கிவிட்டுப் பிறகு அளக்கவேண்டும்.

இரண்டு கை டிஜிற்றல் அடிமட்டம் உளிக்கு வாங்கும் அளவுக்கு உகந்ததல்ல. கைகள் நீளமானவை, உளியின் சரிவு 8 மில்லிமீற்றர். அவ்வளவு சிறிய முகத்தில் நீண்ட கையை நேராக உட்காரவைப்பது சிரமம். அது கதவுச் சட்டத்துக்கும் கைமரச் சேர்வுக்கும் உரியது. அந்த வேலைக்கு மெத்தப் பிரயோசனம்.

போனும் காந்தப் பெட்டியும்

கையில் ஏற்கெனவே போன் இருக்கும்போது காந்தப் பெட்டிக்கு ஏன் காசு? கேள்வி நியாயமானது. போனுக்குள் உள்ள உணரி அவ்வளவு மோசமில்லை. கெடுப்பது அதன் உருவம். முதுகில் கமரா மேடு இருக்கும். 15 சென்ரிமீற்றர் போனின் ஒரு நுனியை 2 மில்லிமீற்றர் மேடு தூக்கினால் சாய்வு 0.75 பாகைக்கு மேல் மாறும். உறை போட்டிருந்தால் அதன் வீக்கம் வேறு. முதுகை விட்டு நீள விளிம்பில் நிறுத்துங்கள், பொத்தான் இல்லாத பக்கமாக. பிடி போன்ற உருண்டைகளில் போனை நேரே வைக்காமல் ஒரு நேர்ச் சலாகையில் ரப்பர் வளையத்தால் கட்டி, சலாகையை வையுங்கள். 15 சென்ரிமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் முடிச்சு 0.4 பாகை, ஒரு மீற்றர் சலாகையில் அதே முடிச்சு 0.06.

காந்தப் பெட்டிகள் திரையில் 0.1 அல்லது 0.05 வரை காட்டும். கூடவரும் தாளைப் பிரித்துப் பார்த்தால் துல்லியம் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 0.2 என்று போட்டிருக்கும். கடைசி இலக்கம் அழகுக்கு. காந்தம் இரும்பில்தான் ஒட்டும். அலுமினியச் சட்டத்திலும் மரத்திலும் கையால் பிடிக்கவேண்டும், பிடிக்கும்போது பக்கவாட்டில் சாயக்கூடாது. பூச்சியப் பொத்தான் இந்தப் பெட்டியின் சிறந்த உறுப்பு: முதல் முகத்தில் வைத்து அழுத்தினால் அது பூச்சியமாகும், இரண்டாம் முகத்தில் வைத்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் நேரே வரும். வாள் மேசையில் தகட்டைச் சரிக்க இதைவிட வசதியானது கிடையாது. அதே பொத்தானால் வரும் வினை, நேற்றுப் பூச்சியமாக்கியதை மறந்துவிட்டு இன்று கூரையில் வைப்பது. ஒவ்வொரு வேலைக்கும் முன் எதிலிருந்து அளக்கிறது என்று திரையைப் பாருங்கள்.

போனோ பெட்டியோ, நம்புவதற்கு முன் திருப்பிப் பார்க்கும் சோதனை செய்யவேண்டும். மேசை மட்டமாக இருக்கத் தேவையில்லை. ஒரு இடத்தில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு கீறி, எண்ணை எடுக்கவும். பிறகு அதே கோட்டுக்குள் முன்பின்னாகத் திருப்பி வைத்து எண்ணை எடுக்கவும். முதலில் வலப்பக்கம் 1.4 உயரம், திருப்பிய பின் வலப்பக்கம் 0.6 உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் சராசரி 1.0, மேசையின் உண்மைச் சாய்வு அதுதான். இரண்டுக்கும் இடையிலுள்ள 0.8இன் பாதி, 0.4, கருவியின் பிழை. செயலியில் சீர்செய்யும் இடமிருந்தால் அங்கே சரிசெய்யலாம். இல்லாவிட்டால் எப்போதும் இரண்டு முறை திருப்பி வைத்துச் சராசரி எடுங்கள். பிழை தானாகவே கழிந்துபோகும். இதே சோதனை ஸ்பிரிட் லெவலுக்கும் செல்லும். விழுத்தியெடுத்த லெவல்கள் பல இதில் தோற்கும்.

வன்னி வெயிலைப்பற்றி ஒரு சொல். தகரத்தின்மேல் கிடந்து சூடேறிய பெட்டியின் பூச்சியம் நகரும். கால் மணித்தியாலம் நிழலில் வைத்துப் பிறகு மீண்டும் பூச்சியமாக்கவேண்டும். பற்றரி இறங்கும்போதும் எண் தளம்பும். கடைசி இலக்கம் நிற்காமல் ஓடினால் கருவியைத் திட்டுமுன் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

கூரை, பனல், குளியலறை

கூரைச் சரிவுக்குப் போன் தாராளம். கைமரத்தின்மேல் நீளச் சலாகையை வைத்து அதன்மேல் போன். அல்லது ஒரு மீற்றர் சலாகையைக் கிடையாகப் பிடித்து, லெவலில் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுநுனியிலிருந்து கைமரத்துக்கு உயரத்தை அளந்தால் 17.6 சென்ரிமீற்றர் 10 பாகை, 26.8 என்றால் 15 பாகை. சீற்றையோ ஓட்டையோ வாங்கும்போது குறைந்தபட்சச் சரிவைக் கேட்டு வாங்குங்கள். மார்கழி மழை காற்றோடு அடிக்கும்போது, தாழ்ந்த சரிவில் தண்ணீர் மேல்நோக்கி மடிப்புக்குள் ஏறும்.

சோலர் பனலுக்குச் சாய்வு, இருக்கும் இடத்தின் அகலக்கோட்டுக்குக் கிட்ட இருந்தால் போதும். கிளிநொச்சி ஏறக்குறைய வடக்கு 9.4 பாகையிலும் வவுனியா 8.75 பாகையிலும் இருக்கின்றன. ஆக 10 பாகை தெற்கு நோக்கி வைத்தால் சரி. அதைவிடத் தட்டையாக வைத்தால் புழுதி மழையில் கழுவுப்படாது. ஐந்து பாகை பிழைத்தாலும் மின்சாரத்தில் குறைவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அதனால் இதற்காக 0.05 காட்டும் பெட்டி தேடவேண்டாம். போனின் திசைகாட்டியைத் தகரக் கூரைமேல் வைத்துத் தெற்கு பார்ப்பதுதான் ஆபத்து. கிட்ட உள்ள இரும்பு அது காட்டும் திசையைப் பிழையாக்கும். நிலத்தில் நின்று, தகரத்திலிருந்து விலகித் திசையை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.

குளியலறை நிலம் இதற்கு நேரெதிர். தண்ணீர் ஓட மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு கொடுத்தால் அது 0.57 பாகை. 0.2 பாகை தவறக்கூடிய பெட்டியால் அதைப் பார்த்தால் சரிவில் மூன்றில் ஒரு பங்கு சந்தேகத்தில் போய்விடும். இதற்குத் தண்ணீர்க் குழாய்தான். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒன்றாக நிற்காவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. குழாயை உதறித் தட்டி வெளியேற்றவேண்டும். வெயிலில் பாதிக் குழாயும் நிழலில் பாதியும் கிடக்கவும் கூடாது. நீரில் கொஞ்சம் நீலத்தூள் போட்டால் கண்ணுக்குத் தெளிவு.

அப்படியானால் எதை வாங்குவது

தோட்டமும் வயலும், ஆண்டுக்கு இரண்டு பிடி மாற்றும் வீடு என்றால் ஒரு தச்சர் சாய்மட்டமும் ஒரு துண்டு தகடும் போதும். போனைக் கூரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உளி, சீவுளி வைத்துச் சின்னத் தச்சுவேலை செய்பவர் வேர்னியரையும் கை சுழலும் உலோகப் பாகைமானியையும் வாங்கட்டும். வாள் மேசையோ கிறில் ஒட்டும் வேலையோ இருக்கும் இடத்தில்தான் காந்தப் பெட்டி தன் விலையை உழைக்கும். கட்டட வேலைக்குக் குழாயும் நல்ல லெவலும் முன்னே, டிஜிற்றல் பின்னே.

சாய்மட்டம் வாங்கும்போது திருகாணியை இறுக்கிவிட்டு நாக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம், எடுத்த கோணம் மேசைக்கு வருமுன் மாறிவிடும். உலோகப் பாகைமானியின் கையை 90இல் இறுக்கி, நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். பிரிந்தால் பிரிவின் பாதி அதன் பிழை. காந்தப் பெட்டிக்கு அந்தத் திருப்பிப் பார்க்கும் சோதனையைக் கடை மேசையிலேயே, காசு கொடுக்குமுன், கடைக்காரரின் பற்றரியைப் போட்டே செய்யுங்கள். பெட்டியின் அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கவும் மறக்கவேண்டாம்: வார்ப்பில் நின்ற ஒரு சின்னப் பிசிறு இருந்தால் அதை மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டு இன்னொரு முறை திருப்பி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் எண் சரிக்கு வந்துவிடும்.